பேரேட்டின் மேடும் பள்ளமும்

1908ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜின் ஹெஃபர் பதிப்பகத்திலிருந்து ஒரு சிறு வெளியீடு வந்தது. 1544 முதல் 1906 வரை ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஆண்டுதோறும் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் எத்தனை பேர் என்பதே அதன் பொருள். எண்களை மட்டும் அடுக்கியிருந்தால் இன்று அதை யாரும் தேடிப் போகமாட்டார்கள். ஆனால் அந்த வெளியீடு எண்களைக் கோடுகளாக வரைந்து, இரு பல்கலைக்கழகங்களும் கண்ட ஏற்ற இறக்கங்களை ஒரே தாளில் விரித்துக் காட்டியது. மூன்றரை நூற்றாண்டுக் கதையை ஒரு பார்வையில் படித்துவிடலாம். கணினியின் நிழல்கூட இல்லாத காலத்தில், பல்கலைக்கழகப் பழம்பதிவுகளைத் தரவாக்கி, அந்தத் தரவைப் படமாக்கிய முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று.

வரைந்த ஜான் ஆர்ச்சிபால்ட் வென் அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். பின்னாளில் வேளாண் பொருளாதார அறிஞராகவும் குயின்ஸ் கல்லூரியின் தலைவராகவும் ஆனார். அவருடைய தந்தையைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கணங்கள் பாடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வட்டங்கள் வருமே, அந்த ‘வென் படம்’ 1880இல் ஜான் வென் எழுதிய ஆய்வுரையில் அறிமுகமானது. தருக்கவியலில் பெயர் பெற்ற அந்த மனிதர் ஐம்பது வயதை ஒட்டி வரலாற்றின் பக்கம் திரும்பினார். ஆசையாகச் சேர்த்துவைத்திருந்த தருக்க நூல்களை 1888இல் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். தாம் படித்துப் பணியாற்றிய கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியில் காலங்காலமாகச் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடித் தொகுத்தார். அது முடிந்ததும், மகனையும் சேர்த்துக்கொண்டு முழுப் பல்கலைக்கழகத்தையும் கையில் எடுத்தார். ‘அலும்னி கேன்டாப்ரிஜியன்சஸ்’ என்ற அந்தப் பேரேட்டின் முதல் தொகுதி 1922இல் வெளிவந்தது. மறு ஆண்டே தந்தை இறந்துபோனார். பத்தாவது தொகுதியை மகன் 1954இல் முடித்தார். தொடக்க காலம் முதல் 1900 வரை கேம்பிரிட்ஜில் சேர்ந்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வாழ்க்கைக் குறிப்பு அதில் இருக்கிறது.

பெயர்களைத் திரட்டும் பொறுமையும் அவற்றைப் படமாக்கிப் பார்க்கும் ஆவலும் ஒரே குடும்பத்தில் கூடியிருந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இந்தத் துறைக்கு இரண்டும் வேண்டும். ஏனென்றால், பழைய மாணவர் பதிவேட்டைப் படமாக வரைந்தால் கோட்டில் தெரிவது மாணவர்கள் மட்டும் அல்லர். அவர்களை எழுதிய எழுத்தரும், அவரை எழுதச் சொன்ன சட்டமும் அதே கோட்டில் கலந்து நிற்கிறார்கள். மேடு எது, மேடாகத் தோன்றுவது எது என்று பிரித்தறியப் பேரேட்டின் பக்கத்துக்கே திரும்பிப் போகத்தான் வேண்டும்.

‘மெட்ரிகுலேஷன்’ என்றால் தமிழ்நாட்டில் இன்று ஒருவகைப் பள்ளி நினைவுக்கு வரும். தாத்தாக்களுக்கோ ‘மெட்ரிக் பாஸ்’ என்பது ஒரு தகுதி. சொல்லின் வேர் லத்தீன் மொழியின் ‘மெட்ரிகுலா’. பெயர்ப்பட்டியல், பதிவேடு என்பது பொருள். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் மாணவர் ஆவது, வகுப்பில் போய் உட்கார்ந்ததால் அல்ல. அந்தப் பட்டியலில் பெயர் ஏறியதால். கேம்பிரிட்ஜின் சேர்க்கைப் பதிவேடு 1544இலும் ஆக்ஸ்போர்டின் பதிவேடு 1565இலும் தொடங்குகின்றன.

அந்தப் பட்டியலில் ஒரு வரியை அருகில் வைத்துப் பார்ப்போம். 1661 ஜூன் 5ஆம் நாள் டிரினிட்டி கல்லூரியில் ஐசக் நியூட்டன் சேர்ந்தார். தகுதி: ‘சப்-சைசர்’. ஜூலையில் பல்கலைக்கழகப் பதிவேட்டில் ‘சைசர்’ என்று ஏறினார். சைசர் என்றால், வசதியான மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஏவல் வேலைகள் செய்து, அதற்கு ஈடாகக் குறைந்த செலவில் படித்த ஏழை மாணவர். அவருக்கு மேலே, தம் செலவைத் தாமே கட்டிய ‘பென்ஷனர்’. எல்லாருக்கும் மேலே, ஆசிரியர்களோடு உயர்மேசையில் உணவருந்தும் உரிமையை விலைகொடுத்துப் பெற்ற ‘ஃபெல்லோ-காமனர்’. ஒரே ஒரு சொல் ஒருவன் எந்த மேசையில் சாப்பிட்டான் என்பதையே சொல்லிவிடுகிறது. இனி நியூட்டனின் குறிப்பைப் பத்தி பத்தியாகப் பிரிக்கலாம். பெயர், கல்லூரி, தகுதி, சேர்ந்த நாள், ஊர் லிங்கன்ஷயரின் உல்ஸ்தார்ப், பள்ளி கிரான்தம், இளங்கலை 1665, முதுகலை 1668, அடுத்த ஆண்டே லூக்காஸ் பேராசிரியர் பதவி. ஓர் ஆளுக்கு ஒரு வரிசை. இப்படி லட்சம் வரிசைகள் சேர்ந்துவிட்டால் வரையத் தொடங்கலாம் என்று தோன்றும்.

தொடங்கக்கூடாது. முதல் கண்ணி நாள்காட்டியிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் நாள். பதிவேட்டில் ‘பிப்ரவரி 1640’ என்று எழுதியிருந்தால், நம் கணக்கில் அது 1641. இதைக் கவனிக்காமல் எக்செல் அட்டவணையில் ஏற்றியவர், ஒவ்வோர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் சேர்ந்த மாணவர்களில் பெரும்பாலோரை முந்தைய ஆண்டின் கணக்கில் சேர்த்துவிடுவார். 1640களின் உள்நாட்டுப் போர் எந்த மாதத்தில் கல்லூரிகளைக் காலி செய்தது என்று தேடுபவருக்கு இந்தப் பிழை சாதாரணமானது அல்ல. அடுத்த கண்ணி ஆள்குழப்பம். ஒரு கல்லூரியில் சேர்ந்து இன்னொன்றுக்கு மாறியவர் உண்டு. கேம்பிரிட்ஜ் பட்டத்தை வைத்து ஆக்ஸ்போர்டிலும் அதே பட்டத்தைப் பதிந்துகொண்டவர் உண்டு. ஓர் ஆள் இரண்டு புள்ளியாகிவிடுவார். ஜான் ஸ்மித்துகளோ பக்கம் பக்கமாக வருவார்கள். அங்கே பல ஆட்கள் ஒரு புள்ளியாகச் சுருங்கும் ஆபத்து. வென் குடும்பம் முப்பது நாற்பது ஆண்டுகள் செலவிட்டது படம் வரைய அல்ல, இந்த முடிச்சுகளை அவிழ்க்க.

சரி, முடிச்சுகளை அவிழ்த்துக் கோட்டை வரைந்தாயிற்று. என்ன தெரிகிறது?

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோடு விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. 1630களில் ஓர் உச்சம். 1640களில் செங்குத்தான பள்ளம்: 1642 முதல் 1646 வரை ஆக்ஸ்போர்டு, முதலாம் சார்லஸ் மன்னரின் போர்த் தலைநகராக இருந்தது; நியூ கல்லூரி வெடிமருந்துக் கிடங்கானது. போர் முடிந்து கோடு மீண்டும் எழுகிறது. பிறகு, யாரும் எளிதில் எதிர்பார்க்காத ஒரு நீண்ட சரிவு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இங்கிலாந்து வணிகத்திலும் கடலிலும் செழித்த அதே காலத்தில், அதன் இரண்டு பல்கலைக்கழகங்களும் மாணவரை இழந்துகொண்டே போகின்றன. 1750களில் ஆக்ஸ்போர்டில் ஆண்டுக்கு 200 பேர்கூடப் புதிதாகச் சேரவில்லை. 1630களின் உச்சத்தை அது மறுபடி எட்டியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

நாடு வளர்ந்தால் பல்கலைக்கழகமும் வளரும் என்ற நம்பிக்கையை இந்தக் கோடு உடைத்தது. வரலாற்றாசிரியர் லாரன்ஸ் ஸ்டோன் 1964இல் எழுதிய கட்டுரையில், 1560க்கும் 1640க்கும் இடைப்பட்ட எழுச்சியைக் ‘கல்விப் புரட்சி’ என்றே அழைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1580 முதல் 1910 வரை ஆக்ஸ்போர்டு மாணவர் கூட்டத்தின் அளவையும் அமைப்பையும் ஒரு நீண்ட ஆய்வாக எழுதினார். ஆண்டுக்கணக்கைப் பத்தாண்டுச் சராசரியாக்கித் தொலைதூர அசைவுகளைத் துலக்கிய ஆய்வு அது.

இந்தச் சராசரி என்ற கருவியிடம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆண்டுதோறும் வரைந்தால் கோடு முள்வேலி மாதிரி குத்திக்கொண்டு நிற்கும். நீண்ட சரிவு கண்ணுக்கு எட்டாது. பத்தாண்டுச் சராசரி எடுத்தால் முட்கள் மழுங்கி மலைத்தொடரின் வடிவம் தெரியும். ஆனால் 1665 கோடையில் கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கேம்பிரிட்ஜ் கதவடைத்ததும், நியூட்டன் உல்ஸ்தார்ப் வீட்டுக்குத் திரும்பியதும், 1667இல்தான் பல்கலைக்கழகம் முழுமையாக மூச்சு விட்டதும் அந்தச் சராசரிக்குள் கரைந்துவிடும். நோய்நாளைத் தேடுபவருக்கு முள்வேலி வேண்டும். நூற்றாண்டைத் தேடுபவருக்கு மலைத்தொடர் வேண்டும். நேர்மையான படம் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக, மெல்லிய கோடும் தடித்த கோடுமாகத் தரும்.

இப்போது அந்த எழுச்சிக்கே வருவோம். ஆக்ஸ்போர்டின் கோட்டில் 1580களின் தொடக்கத்தில் ஒரு துள்ளல் இருக்கிறது. கல்விப் புரட்சி படம் பிடிபட்ட கணம் என்று அதைக் காட்டி மகிழலாம். ஆனால் 1581இல் ஆக்ஸ்போர்டில் ஒரு புது விதி வந்தது. பதினாறு வயது கடந்த ஒவ்வொரு மாணவரும் சேரும்போது இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விதிகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். ரகசியக் கத்தோலிக்கர்களைக் களையெடுப்பது நோக்கம். கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் ஆளைப் பிடித்துப் பதிவேட்டின் முன் நிறுத்த வேண்டும். அதுவரை ஊருக்குள் தங்கி, எந்தப் பட்டியலிலும் ஏறாமல் படித்துவந்த இளைஞர்களும் இப்போது எழுதப்பட்டார்கள்.

1977இல் எலிசபெத் ரஸ்ஸல் என்ற வரலாற்றாசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். 1581க்கு முன் ஆக்ஸ்போர்டுக்குள் சாதாரண மாணவர்கள் வெள்ளமாக வந்தார்கள் என்பது உண்மையா, அல்லது அது ஒரு கண்மயக்கா என்று தலைப்பிலேயே கேட்டார். வெள்ளம் பெருகியதா, வெள்ளத்தை அளக்கும் கோல் மாறியதா என்பதுதான் கேள்வி. தரவைப் படமாக்கும் ஒவ்வொருவரும் மேசைமேல் எழுதி ஒட்டிவைக்க வேண்டிய கேள்வி அது. எழுச்சியே பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. அதில் எவ்வளவு பங்கு மாணவர்களுடையது, எவ்வளவு பங்கு எழுத்தருடையது என்று கோடு தானாகச் சொல்லாது என்பதே பொருள். படம் வரைபவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1581இல் கோட்டை அறுத்துவிடலாம். அதற்கு முந்தைய பகுதியைப் புள்ளிக்கோடாக வரைந்து, அங்கே ஒரு செங்குத்துக் கோடு கிழித்து, ‘இங்கே விதி மாறியது’ என்று எழுதலாம். படம் சற்று அழகு குறையும். ஆனால் பார்ப்பவர் ஏமாறமாட்டார்.

எண்ணிக்கையைவிடச் சிக்கலானது தகுதி. ஆக்ஸ்போர்டில் சேர்ந்தவரின் தந்தை யார் என்று பதிவேடு குறித்துவைத்தது. கோமான் மகன், குடிக்கேடயம் தரித்த பெருங்குடியின் மகன், கனவான் மகன், பாதிரியார் மகன், பாமரன் மகன். கடைசி வகைக்கு லத்தீனில் ‘பிளெப்’ என்று சுருக்கமாக எழுதினார்கள். ஸ்டோனின் கணக்கில், சேர்ந்தவர்களில் பாமரர் மகன்களின் பங்கு 1711இல் 27 விழுக்காடு, 1760இல் 17, 1810இல் 1. இதை அடுக்குப் பரப்பாக வரைந்து பார்த்தால் மனம் கனக்கும். அடியில் இருந்த ஒரு நிறம் நூறு ஆண்டுகளில் நூலாக மெலிந்து மறைந்துபோகிறது. ஏழைகளுக்குக் கதவு சாத்தப்பட்ட காட்சி அது.

ஆனால் அந்த நிறத்தையும் துருவ வேண்டியிருக்கிறது. சேர்க்கைக் கட்டணம் தகுதிக்கு ஏற்ப மாறியது. பாமரன் மகன் என்று சொன்னால் குறைவாகக் கட்டினால் போதும். அப்படியானால் தொடக்க காலத்தில் சில வசதியான வீட்டுப் பிள்ளைகளும் காசை மிச்சம் பிடிக்கக் கீழே இறங்கி எழுதியிருக்கலாம். பின்னாளில் ‘பிளெப்’ என்ற சொல்லே வசையாக மாறியபோது, பலசரக்குக் கடைக்காரர்கூட இரண்டு காசு கூடக் கொடுத்து மகனைக் ‘கனவான் மகன்’ என்று எழுதவைத்திருக்கலாம். ஆக, மெலிந்த அந்த நிறத்தில் விரட்டப்பட்ட ஏழைகளும் இருக்கிறார்கள், பெயர் மாற்றிக்கொண்ட நடுத்தர வீட்டாரும் இருக்கிறார்கள். ஏழைகள் குறைந்தது உண்மை என்பதில் ஐயமில்லை. கேம்பிரிட்ஜிலும் சைசர்களின் கதை இப்படித்தான் போனது. ஆனால் 27 எப்படி 1 ஆனது என்பதற்குப் படம் பாதி விடைதான் தரும். மீதிக்குக் கட்டணப் புத்தகத்தைப் பிரிக்க வேண்டும்.

பதிவேட்டில் எழுதப்பட்டவர்களைப் பற்றி இவ்வளவு. எழுதப்படாதவர்களை எப்படி வரைவது?

1837இல் கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் இரண்டாம் இடம் பெற்றார். அவர் யூதர். திருச்சபை விதிகளை ஏற்றுக் கையெழுத்திடாததால் பட்டம் கிடைக்கவில்லை. மத உறுதிமொழியை நீக்கிய 1871ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 1872இல்தான் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது; அதற்குள் அவர் உலகறிந்த கணித மேதை. சேர்க்கைப் பதிவை வைத்து வரைந்தால் சில்வெஸ்டர் 1830களில் இருப்பார். பட்டப் பதிவை வைத்து வரைந்தால் முப்பத்தைந்து ஆண்டு தள்ளி, ஐம்பதுகளின் வயதில் திடீரென்று முளைப்பார். 1890இல் இன்னும் கூர்மையான ஒன்று நடந்தது. நியூனம் கல்லூரியின் ஃபிலிப்பா ஃபாசெட், அதே கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற ஆணையும் விஞ்சினார். பெண்களின் பெயர்களைத் தனியே வாசித்தபோது, முதல்வனுக்கும் மேலே என்று அறிவித்தார்கள். பட்டம் மட்டும் கிடையாது. பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி 1869இல் தொடங்கியிருந்தது, நியூனம் 1871இல். ஆனாலும் 1948 வரை கேம்பிரிட்ஜ் பெண்களை முழு உறுப்பினராக ஏற்கவில்லை. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் நூலகத்தில் படித்து, விரிவுரை கேட்டு, தேர்வெழுதிய பெண்கள் எல்லாரும் பதிவேட்டுக் கோட்டில் பூச்சியம். வென் குடும்பத்தின் அச்சுப் பேரேடும் பல்கலைக்கழக உறுப்பினர்களையே கணக்கில் கொண்டது. பின்னாளில் அது கணினித் தரவுத்தளம் ஆனபோதுதான் கர்ட்டன், நியூனம் பெண்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள்.

நம் ஊரிலும் இதற்கு இணை உண்டு. 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறிய கும்பகோணத்து மாணவர் ஒருவர், அடுத்த கட்டமான எஃப்.ஏ. தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிப் பட்டியலை எவ்வளவு அழகாகப் படமாக்கினாலும் அதில் சீனிவாச இராமானுஜன் கிடைக்கமாட்டார். 1913இல் அதே பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. அது வேறு ஏட்டில் இருக்கும். 1916இல் கேம்பிரிட்ஜ் கொடுத்த பட்டம் இன்னொரு நாட்டின் ஏட்டில் இருக்கும். மெட்ரிகுலேஷன், உதவித்தொகை, கேம்பிரிட்ஜ் பட்டம் என்ற மூன்று ஏடுகளையும் இணைத்து வரைந்தால்தான் அவர் கோடாக மாறுவார்.

எல்லாரும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டுச் சேர்க்கைக் கணக்கு ஆகச்சிறந்த சாட்சி. அந்த ஆண்டு மேற்பட்டப் படிப்புக்கு 8,442 ஆண்கள் விண்ணப்பித்ததில் 44 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது. 4,321 பெண்களில் 35 விழுக்காட்டினருக்கு. இரண்டு பட்டைகள் வரைந்தால் வழக்கே முடிந்துவிட்டதாகத் தோன்றும்: பெண்களுக்கு அநீதி. பீட்டர் பிக்கல், யூஜின் ஹாமல், வில்லியம் ஓ’கானல் மூவரும் 1975இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கணக்கைத் துறைவாரியாகப் பிரித்தார்கள். இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் புழங்குவது ஆறு பெரிய துறைகளின் அட்டவணை. முதல் துறையில் விண்ணப்பித்த 825 ஆண்களில் 62 விழுக்காட்டினர் தேர்வானார்கள். 108 பெண்களில் 82 விழுக்காட்டினர். ஆறாவது துறையில் 373 ஆண்களில் 6 விழுக்காடு, 341 பெண்களில் 7 விழுக்காடு. சில துறைகளில் ஆண்கள் சற்று மேலே, சிலவற்றில் பெண்கள் மேலே. பெண்களுக்கு எதிரான பெரிய பாகுபாடு எங்கும் புலப்படவில்லை.

அப்படியானால் மொத்தக் கணக்கில் இடைவெளி எங்கிருந்து வந்தது? விண்ணப்பங்களின் அகலத்தையே படமாக்கினால் விளங்கும். ஒவ்வொரு துறையும் ஒரு கட்டம். விண்ணப்பித்தோர் எத்தனையோ அத்தனை அகலம். இடம் கிடைத்தோர் பங்கு நிறம். மொசைக் படம் என்பார்கள். பெண்களின் வரிசையில், எளிதில் இடம் கிடைக்கும் முதல் இரண்டு துறைகளும் நூலிழைபோல நிற்கின்றன: 1,835 பெண்களில் 133 பேர். ஆண்களின் வரிசையில் அதே இரண்டு துறைகளும் பாதி இடத்தை அடைத்துக்கொள்கின்றன: 2,691 பேரில் 1,385. பெண்கள் கூட்டமாக நின்றது, யாருக்குமே எளிதில் திறக்காத கதவுகளின் முன். இதைக் கண்டு பெர்க்லியைக் குற்றமற்றது என்று வாழ்த்திவிட்டுப் போவதும் அவசரம்தான். பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்கு விண்ணப்பித்தார்கள், பள்ளியிலும் வீட்டிலும் அவர்களை எது அங்கே திருப்பிவிட்டது என்ற கேள்வியைச் சேர்க்கை அலுவலகத்தின் கோப்பு தொடவே இல்லை. பாகுபாடு மறையவில்லை, கோப்புக்கு வெளியே நகர்ந்திருக்கிறது.

கோட்டையும் பட்டையையும் விட்டு நிலப்படத்துக்கு வந்தால் வேறோர் உலகம் திறக்கிறது. பழைய எழுத்தர்கள் பெயருக்கு அடுத்தபடி அக்கறையாகக் குறித்தது ஊரை. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களின் மாணவர் எண்ணிக்கையைத் தொடக்கம் முதல் தம் காலம் வரை 1904இலேயே கணக்கிட்டு நூலாக்கினார் ஃபிரான்ஸ் ஆய்லன்பர்க். அந்த மண்ணின் அறிஞர்களை ஆளாளாகத் தொடரும் பணி 2001இல் தொடங்கியது. 1250 முதல் 1550 வரை புனித ரோமப் பேரரசில் கற்ற பல்லாயிரம் பேரின் பிறந்த ஊர், படித்த இடம், வேலை பார்த்த நகரம் ஆகியவற்றைச் சேர்க்கும் ‘ரெப்பர்டோரியம் அகாடமிகம் ஜெர்மானிகம்’ என்ற அத்திட்டம் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரை மையமாகக் கொண்டது. ஒருவரின் ஊர்களைக் கோட்டால் இணைத்தால் அவர் பயணம். எல்லாருடைய கோடுகளையும் ஒன்றாகப் போட்டால், அக்காலத்தில் அறிவு எந்தச் சாலைகளில் நடந்துபோனது என்பதன் தடம்.

கேம்பிரிட்ஜ் பேரேட்டையும் இப்படி நிலப்படமாக்கலாம். முதல் நூற்றாண்டுகளில் புள்ளிகள் இங்கிலாந்துக் கிராமங்களிலேயே குவியும். 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா, பம்பாய், கொழும்பு என்று தூரத்தில் ஒவ்வொன்றாக முளைக்கும். கொழும்புப் புள்ளிகளில் ஒருவர் பொன்னம்பலம் அருணாசலம். 1870களில் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் படித்தவர். 1875இல் திறந்த போட்டித் தேர்வு வழியே இலங்கை ஆட்சிப் பணியில் நுழைந்த முதல் இலங்கையர். இலங்கையின் 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தி அறிக்கை எழுதியவரும் அவரே. அயல்நாட்டுப் பேரேட்டில் ஒரு வரியாக எண்ணப்பட்ட தமிழர், முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு தீவு முழுவதையும் வரிவரியாக எண்ணும் பொறுப்பில் அமர்ந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. பட்டம் பெற்றோர் பெயர்களை அதன் ‘காலண்டர்’ என்ற ஆண்டேடுகள் அச்சிட்டு வைத்தன. வென் குடும்பம் செய்த வேலைக்கு வேண்டிய மூலப்பொருள் இங்கேயும் இருக்கிறது. ஆனால் அவர்கள் சந்திக்காத முடிச்சுகளும் இருக்கின்றன. குடும்பப் பெயர் இல்லாத ஊரில் ஓர் ஆளை அடையாளம் காட்டுவது ஓரிரு தலைப்பெழுத்துகள்தான். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரே பெயர் நாலைந்து வடிவில் வரும். பெயரின் வாலில் இருந்த சாதிப் பட்டம் ஓர் ஆண்டில் இருக்கும், அடுத்த ஆண்டில் உதிர்ந்திருக்கும். அது எழுத்தரின் விருப்பமா, மாணவரின் முடிவா, காலத்தின் மாற்றமா என்று ஒவ்வொரு பெயரிடமும் கேட்க வேண்டும். தென்னிந்தியாவில் யார் எப்போது படிக்க முடிந்தது என்ற கேள்வியின் மேல் இன்றுவரை அரசியல் நடக்கிறது. அந்தக் கேள்விக்கான ஏடுகளைப் பெயர் பெயராக அவிழ்த்துப் பொதுமக்கள் பார்க்கும் படமாக்குவது, தமிழ் ஆய்வாளர்களுக்கு முன் கிடக்கும் பெரும்பணி.

அப்படியொரு கோடு வரையப்பட்டால், அதன் முதல் புள்ளி 1858இல் விழும். உயரம்: இரண்டு. அளவுகோலின் அடியில், கிடைக்கோட்டோடு ஒட்டிக்கொண்டு, அச்சுப்பிழை என்று துடைத்துவிடத் தோன்றும் சின்னப் புள்ளி. அதன்மேல் விரலை வைத்தால் இரண்டு பெயர்கள் திறக்கும். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, கணித ஆசிரியர். மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை; பின்னாளில் வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் ஓலையிலிருந்து அச்சுக்கு ஏற்றியவர். சென்னையின் முதல் பட்டதாரிகள் என்று கோடு காட்டும் அந்த இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள். சென்னையில் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் முன்பே, 1823இல், அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் உருவானவர்கள். அந்தச் செமினரி 1855இல் மூடப்பட்டது. சென்னையின் கோடு தொடங்குவதற்கு முன்பே முடிந்துபோன அந்த வட்டுக்கோட்டைக் கோட்டை, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், இதே தாளில் வரைய இடம் விட்டுவைக்க வேண்டும்.